அரிக்கமேட்டு எண்ணெய்ச் சாடி

யவனர் என்றாலே நமக்கு மதுச்சாடிதான் ஞாபகம் வரும். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்த சாடித் துண்டுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, மதுச்சாடிகளோடு ஆலிவ் எண்ணெய்ச் சாடிகளும் தெரியவந்தன.

ஆலிவ், இலை முழுதும் உதிராத மரம். நம்ம மல்லிகைக்கு உறவு. காட்டுமரத்தில் நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டி வளர்ப்பார்கள். காய்க்க வருஷங்கள் பிடிக்கும். பிறகு தலைமுறை தலைமுறையாகப் பலன்தான். கி.மு. 594இல் ஏதென்ஸில் பதவியேற்ற சோலோன், விளைபொருள்களில் இந்த எண்ணெயை மட்டும் வெளிநாட்டுக்கு விற்க அனுமதித்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார்.

எள்நெய் விளையும் நாட்டுக்கு அந்த எண்ணெய் எதற்கு? இங்கே தங்கிய யவனரின் சொந்தச் சமையலுக்கே என்பது என் கருத்து. ஊரிலிருந்து நல்லெண்ணெய் டின்னைச் சுமந்துவரும் நமக்கு இதை விளக்கவா வேணும்?