மதராசுக் கல்வி முறை

மதராசு முறை என்பது, கற்றுத் தேறிய மாணவரைக் கொண்டே மற்ற மாணவருக்குக் கற்பிக்கும் முறையாகும்.

1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பேற்ற இசுக்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்த ஆசிரியர்கள் உடன்படவில்லை. ஆகவே அரிச்சுவடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கென் என்னும் மாணவனிடமே ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த பணியும் இதுவே.

1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலுக்குப் பின் இம்முறை பரவியது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்குக் குறைந்த செலவில் கற்பிக்கலாம் என்பதே அங்கு பெரிதும் ஈர்த்தது. ஆனால் கற்பிக்கும் மாணவனும் அதனால் கற்கிறான் என்பதே இதன் அடிப்படை. 20ஆம் நூற்றாண்டில் உருசிய உளவியலாளர் லேவ் வைகாட்சுகி, திறன் மிக்க தோழரின் துணையோடு குழந்தை தனியே செய்ய இயலாததையும் செய்யும் என விளக்கினார்.