இசப்கோல்: ஓர் உமியின் வரலாறு

வட குஜராத்தின் வயல்களில் நவம்பர் வாக்கில் விதைக்கப்படும் இசப்கோல், மார்ச்சுக்குள் அறுவடைக்கு வருகிறது. குளிரையும் வறண்ட வானிலையையும் நம்பி நிற்கும் பயிர் இது. முற்றிய நேரத்தில் ஒரு மழை பெய்தாலே போதும், கதிரிலிருந்து விதை கொட்டிவிடும். கொட்டாமல் நிற்கும் விதையும் ஈரத்தை உறிஞ்சி ஊதிக் கெட்டுவிடும். தப்பிப் பிழைத்த விளைச்சல் உஞ்சா சந்தைக்குப் போகிறது. அங்கும் அருகிலுள்ள சித்பூரிலும் இயங்கும் ஆலைகளில் விதையிலிருந்து உமி பிரிக்கப்படுகிறது. எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் உமி என்றாலும் வணிகம் அதைச் சுற்றியே நடக்கிறது. மிச்சம் மாட்டுத் தீவனமாகிறது.

உழவரைக் கலங்கவைக்கும் அந்த ஊதும் குணமே குடலில் மருந்தாக வேலை செய்கிறது. யுனானி மருத்துவர்கள் இதை மலச்சிக்கலுக்கும் கொடுத்தார்கள், வயிற்றுக்கடுப்புக்கும் கொடுத்தார்கள். இதில் முரண்பாடு இல்லை. நீரைப் பிடித்துவைக்கும் கூழ், இறுகிய மலத்தை இளக்கும், நீர்த்துப்போனதைக் கெட்டிப்படுத்தும். திருவிதாங்கூரில் பணியாற்றிய மருத்துவர் எட்வர்டு ஜான் வாரிங் பதிப்பித்து 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூல், இசப்கோலை அங்கீகரிக்கப்பட்ட மருந்துகளுள் சேர்த்தது. நாட்டு வைத்தியத்தின் அனுபவ அறிவுக்குக் கிடைத்த நியாயமான இடம் அது.

அமெரிக்காவில் 1934இல் மெட்டாமியூசில் என்ற பெயரில் இந்த உமி கடைக்கு வந்தது. ஆயினும் நெடுங்காலம் அது வெறும் மலமிளக்கியாகவே கருதப்பட்டது. உகாண்டாவில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், நார்ச்சத்துக் குறைவையும் மேலைநாட்டுக் குடல் நோய்களையும் தொடர்புபடுத்தி 1970களில் எழுதிய பின்னரே நார்ச்சத்து பொதுப் பேச்சானது. 1998இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்டிராலும் குறைந்த உணவோடு நாளொன்றுக்கு 7 கிராம் இசப்கோலின் கரையும் நார்ச்சத்து எடுப்பது இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று உறையில் அச்சிட அனுமதித்தது. காரணம் ஈரலில் இருக்கிறது. கூழில் சிக்கிய பித்த அமிலங்கள் மலத்தோடு வெளியேறுகின்றன. அவற்றை மீண்டும் உருவாக்க ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது.

பித்த அமிலத்தைப் பிடிக்கும் கூழ், மாத்திரைக்கும் குறுக்கே நிற்கக்கூடும். இசப்கோல் உட்கொண்ட ஒரு நோயாளியின் இரத்தத்தில் லித்தியம் அளவு குறைந்ததை 1990இல் லான்செட் இதழில் வந்த குறிப்பு ஒன்று பதிவு செய்தது. லித்தியம் போன்ற மருந்தில் இது பெரிய விஷயம்: பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. உமியைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் இரத்தத்தில் மருந்தின் அளவு மாறக்கூடும். எல்லா மருந்துகளும் இப்படிப் பாதிக்கப்படுவதில்லை. இருந்தாலும் வேறு மருந்துகளை உமிக்கு முன்போ பின்போ 2 மணி நேரமாவது தள்ளி எடுப்பதே பொதுவாகச் சொல்லப்படும் முறை. நீரிழிவுக்காரர்களுக்குச் சிக்கல் வேறு விதம். கூழ் சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைப்பதால், இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சர்க்கரை அளவைக் கவனித்து, மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டியிருக்கும்.

தண்ணீர் போதாவிட்டால் உமி தொண்டையிலேயே ஊதி அடைத்துவிடும். அடைப்பு நேர்ந்த நிகழ்வுகளைக் கருதி, 2007இல் அதே அமெரிக்க நிர்வாகம், மருந்துச் சீட்டில்லாமல் விற்கப்படும் மலமிளக்கிகளில் குருணை வடிவ இசப்கோலுக்கு இருந்த அனுமதியை விலக்கியது. தூளாக விற்பதற்குத் தடையில்லை. ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு குடிக்கவேண்டும், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் தவிர்க்கவேண்டும் என்ற எச்சரிக்கை உறையில் இருக்கவேண்டும்.