சூறாவளிக்கு முந்தியும் பிந்தியும்

பாலர் வகுப்பில் நாங்கள் சேர்ந்த காலத்தில் மட்டக்களப்பில் வயதைக் கேட்பதற்கு ஒரு தனி முறை இருந்தது. "புள்ள சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா?" என்பார்கள். நாங்கள் பிந்திய பிள்ளைகள். அந்த இரவை நாங்கள் காணவில்லை. அதன் கதைகளோடு வளர்ந்தோம்.

1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு கிழக்குக் கரையைச் சூறாவளி தாக்கியது. 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 250,000 வீடுகள் சேதமடைந்தன. விடிந்தபோது வீதியெங்கும் மரங்கள்; தந்திக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. வெளியூருக்குச் செய்தி சொல்லவும் வழியில்லை. ஆகவே முதல் நிவாரணம் கொழும்பிலிருந்து வரவில்லை; அயலிலிருந்தே வந்தது. கோடரி வைத்திருந்தவர் வழி வெட்டினார். அரிசி வைத்திருந்தவர் கஞ்சி காய்ச்சினார். கூரை தப்பிய வீட்டுக்காரர் கதவைத் திறந்தார்.

எமது கல்லூரியும் திறந்தது. ஓடுகள் பறந்து ஒரு பக்கம் ஒழுகிய மண்டபத்தில், வாங்குகளைச் சேர்த்துப் பிள்ளைகளைக் கிடத்தினார்கள் என்று அன்று விடுதியில் இருந்த அக்காமார் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். விடுதிச் சமையற்கட்டு ஊருக்கே சமைத்தது. பின்னர் அரசாங்க அதிபரின் பணிமனையும் கிராம சேவகர்களும் பட்டியல் எடுக்க, உலர் உணவும் உடுதுணியும் கூடாரங்களும் வந்தன.

வைத்தியர்களாகிய பின்னரே அந்தக் கதைகளுக்குள் இருந்த ஆபத்துகள் எங்களுக்கு விளங்கின. பறந்த தகரம் வெட்டிய காயம் சிறிதாகத் தோன்றலாம். ஏற்புவலியோ 3 நாள் முதல் 21 நாள் வரை காத்திருந்தும் வரும். கிணற்றில் அழுக்கு வெள்ளம் கலந்தால் வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் பின்தொடரும். புயலுக்குத் தப்பியவரைத் தண்ணீர் கொல்லாமற் காப்பதே நிவாரணத்தின் இரண்டாம் கட்டம். கொதித்தாறிய நீரையே குடிக்கவேண்டுமென்று பிடிவாதமாக நின்ற ஆசிரியைமார் எத்தனை உயிர்களைக் காத்தார்களோ, அதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

உலர் உணவு நின்ற பிறகும் இழப்பு நிற்கவில்லை. மாவட்டத்தின் தென்னந்தோப்புகளிற் பெரும்பகுதி அழிந்திருந்தது. தேங்காய் மட்டுமல்ல, வேயக் கிடுகும், விற்று வரும் காசும் போயின. புதிய கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். நாங்கள் முதலாம் வகுப்புக்கு வந்தபோதுதான் அந்தக் கன்றுகள் பாளை விட்டன.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அப்போது எங்களிற் சிலர் மருத்துவ மாணவிகள். படித்த மண்டபத்திலேயே காயங்களுக்கு மருந்து கட்டினோம். அப்போதும் தவறுகள் நேர்ந்தன. உப்பேறிய கிணறுகளை நல்லெண்ணத்தோடு மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். மணற்பாங்கான நிலத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும் என்பது பலருக்குப் பின்னரே தெரிந்தது. பெட்டி பெட்டியாக உடுப்புகள் வந்தன. பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய்த் துணி கேட்க வாய் வரவில்லை. அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவர்கள் எமது பழைய மாணவிகளே.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அதன் பின்னரே வந்தது. இன்று நியமங்கள் உள்ளன: ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் நீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம். எமது மண்டபத்தில் 300 பேர் தங்கினால் 4,500 லீற்றரும் 15 மலசலகூடங்களும் வேண்டும். எம்மிடம் அவை உள்ளனவா? நூற்றாண்டு நிதியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் முன்வைக்கிறோம். அடுத்த முறையும் சனங்கள் எமது வாசலுக்கே வருவார்கள்.

இன்னொரு கடனும் உண்டு. இம்மலரில் அதிபர்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன. அன்று கஞ்சி காய்ச்சிய விடுதிச் சமையற்காரப் பெண்களின் பெயர்கள் இல்லை. 1978இல் மாணவிகளாக இருந்த அக்காமாருக்கு இப்போது அறுபது வயது கடந்துவிட்டது. எங்கிருந்தாலும் அந்த நாட்களைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதி அனுப்புங்கள், அந்தப் பெயர்களோடு. பிந்திய பிள்ளைகளாகிய நாங்கள் அவற்றைப் பாதுகாத்து வைப்போம்.