கிரிவலப் பாதையில் கடை போடுறீங்களா? சட்னி முதல் சிலிண்டர் வரை... கவனிக்க வேண்டியது என்னென்ன?

பௌர்ணமி வந்துட்டா திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதை விடிய விடிய தூங்காது. அக்னி லிங்கம், சேஷாத்திரி ஆசிரமம், ரமணாசிரமம் என செங்கம் சாலை நெடுக இட்லிக் கடை, டீக்கடை, சுண்டல் தள்ளுவண்டி, கரும்பு ஜூஸ் என்று வரிசை கட்டி நிற்கும். கார்த்திகை தீபம், சித்ரா பௌர்ணமி நாட்களில் கூட்டம் லட்சங்களைத் தாண்டும்.

இந்த வியாபாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தெருமுனைக் கடையில் சாப்பிட்டு வயிறு கெட்டால், வாடிக்கையாளர் மறுநாளே வந்து கேட்பார். கிரிவலம் வருபவர் அப்படியில்லை. சால்மோனெல்லா கிருமியின் பாதிப்பு வெளியே தெரிய 6 மணி நேரம் முதல் 3 நாள் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். அதற்குள் அவர் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ போய்ச் சேர்ந்திருப்பார். தவறு நடந்ததே கடைக்காரருக்குத் தெரியாது. அதனால், விற்பதற்கு முன்பே நாமே சரிபார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி.

இது சின்ன விஷயம் இல்லை. 2021 செப்டம்பரில் இதே மாவட்டத்தின் ஆரணியில், ஓட்டலில் அசைவ உணவு சாப்பிட்ட பலர் பாதிக்கப்பட்டனர். 10 வயது சிறுமி ஒருவர் உயிரிழந்தார்.

ஒருநாள் கடைக்கும் பதிவு வேணுமா?

ஆமாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 31(2)-ன்படி நடமாடும் வியாபாரிகள், தற்காலிகக் கடைக்காரர்கள் உள்ளிட்ட சிறு வியாபாரிகளுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் பதிவு கட்டாயம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவுச் சான்றைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டி வையுங்க. தீபத் திருவிழாவில் அன்னதானம் போடுபவர்களும் முன் அனுமதி வாங்க வேண்டும்.

சாப்பாட்டில் '2 மணி நேர' கணக்கு

சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

இதில் முதலில் மாட்டுவது தேங்காய் சட்னி. மாலை 5 மணிக்கு வீட்டில் அரைத்து, இரவு 11 மணிக்குப் பரிமாறினால் 6 மணி நேரம் ஆகிவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமா அரைங்க. பழைய சட்னியோடு புதுசைக் கலக்காதீங்க. சாம்பார் அடுப்பில் சூடாகவே இருக்கட்டும்.

▪ பஜ்ஜி எண்ணெயை 3 முறைக்கு மேல் சூடாக்க வேண்டாம். கருத்து, நுரை தள்ளினால் உடனே மாத்திடுங்க.

▪ வடை, பஜ்ஜியை செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பது விதிமீறல். அச்சு மை உணவில் ஒட்டும். வாழை இலை, மந்தாரை இலை இருக்கவே இருக்கு.

▪ ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது.

▪ காசு வாங்கும் கை வேறு, பரிமாறும் கை வேறாக இருக்கட்டும். குழாய் வைத்த தண்ணீர் கேனும் சோப்பும் கட்டாயம்.

▪ வயிற்றுப்போக்கு, வாந்தி இருப்பவர் அன்றைக்குச் சமையல் பக்கமே வரக் கூடாது.

சிலிண்டரில் கவனம்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையிலேயே தேங்கும். மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டிய கடையில் இது பெரிய ஆபத்து. ஒரு பக்கமாவது தரை வரை திறந்திருக்கட்டும்.

சிவப்பு நிற 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டரோ 5 கிலோ சிறிய சிலிண்டரோ வாங்கலாம். சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்க. அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். டியூபில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்க.

கசிவு வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் 1906-க்கு போன் பண்ணுங்க. எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூட வேண்டும். கையில் சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்க. பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம்.

தீபம் வருவதே மழைக்காலத்தில்தான்!

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையின்போது திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் இறந்தனர். அடுத்த 12 நாளில் தீபம். எனவே மழை எச்சரிக்கை இருந்தால் மலைச்சரிவு ஓரமும், தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமும் கடை வேண்டாம். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுக்காதீங்க. ஒட்டுப்போட்ட ஒயர் ஈரத் தரையில் கிடந்தால் உயிருக்கே ஆபத்து. பேட்டரி விளக்கு பாதுகாப்பானது.

உங்க உடம்பையும் பாருங்க

சித்ரா பௌர்ணமி வருவது ஏப்ரல் - மே வெயிலில். அடுப்புச் சூடும் சேர்ந்தால் உடம்பு தாங்காது. தலைசுற்றல் வந்தால் நிழலில் உட்கார்ந்து, ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிக்கணும். ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

கழிப்பறை பக்கத்தில் இல்லை என்பதால், இரவு முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் வியாபாரிகள் உண்டு. இது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். கடை போடும் முன்பே கழிப்பறை எங்கே என்று பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரோடு பேசி, மாறி மாறி கடையைப் பார்த்துக்கொள்ளலாம்.

ரமணாசிரமம் பகுதியில் குரங்குத் தொல்லையும் உண்டு. பழம், பலகாரத்தை மூடியே வையுங்க. குரங்கோ நாயோ கடித்தால் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகணும். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம்.

சாப்பிட வரும் பக்தர்களுக்கு: உணவு சரியில்லை என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அளிக்கலாம். கடை இருந்த இடத்தையும் நேரத்தையும் போட்டோவோடு அனுப்பினால், அதிகாரிகள் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம்.