காட்டுப்பூனைத் தோட்டாவும் ஆக்லியின் ஐயமும்

அமெரிக்க வேட்டையாளரிடையே ‘வைல்ட்கேட்’ என்றொரு சொல் வழங்குகிறது. காட்டுப்பூனை என்பது அதன் நேர்ப்பொருள். எந்தத் தொழிற்சாலையும் செய்து விற்காமல், தனியொருவர் தம் பட்டறையில் வடித்துக்கொண்ட தோட்டாவுக்கு அவர்கள் இட்ட பெயர் அது. அத்தகைய துப்பாக்கியை வைத்திருப்பவருக்குக் கடையில் வாங்க எதுவும் இராது; ஒவ்வொரு தோட்டாவையும் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

தோட்டாவின் நான்கு உறுப்புகளில் பித்தளை உறை மட்டுமே சுட்டபின் எஞ்சுகிறது. அதை அச்சிலிட்டு வடிவுக்குக் கொணர்ந்து, புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்திட்டு, குண்டைச் செருகுவதே மறுநிரப்பல். நம் பொற்கொல்லர் குன்றிமணியால் நிறுத்தது போல இவர்கள் ‘கிரெய்ன்’ என்னும் தானிய எடையால் நிறுக்கிறார்கள். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம்.

இப்படிப் பிறந்த பூனைகள் சில பின்னாளில் வீட்டுப்பூனைகளும் ஆயின. 1906ஆம் ஆண்டின் அமெரிக்கப் படைத் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி நீட்னர் 1920இல் உருவாக்கிய .25-06 தோட்டாவை, ரெமிங்டன் நிறுவனம் 1969இல்தான் தன் பட்டியலில் சேர்த்தது. நெட் ராபர்ட்ஸ் வடித்த .257 அவ்வளவு காத்திருக்கவில்லை. 1934இலேயே கடைக்கு வந்துவிட்டது.

பார்க்கர் ஓட்டோ ஆக்லி (1903–1989) பிடித்த வழி வேறு. 1936இல் ஓரிகனின் ரோஸ்பர்க் நகரில் துப்பாக்கிப் பட்டறை தொடங்கிய அவர், போருக்குப்பின் கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் அத்தொழிலைக் கற்பித்தார். கழுத்தை மாற்றாமல், துப்பாக்கியின் தோட்டா அறையை மட்டும் சற்றே அகலமாகக் கடைந்தார். அதில் கடையில் வாங்கிய சாதாரணத் தோட்டாவைச் சுட்டால், வெடிப்பின் அழுத்தமே உறையின் சரிந்த உடலை நிமிர்த்தி, தோளை நாற்பது பாகைக்குக் கூர்மையாக்கிவிடும். வெளியே விழுவது ‘மேம்படுத்தப்பட்ட’ உறை. மருந்து கூடுதலாகக் கொள்ளும். நீளுவது குறைவாதலால் அடிக்கடி நறுக்கவும் வேண்டியதில்லை. கையிருப்புத் தீர்ந்தாலும் ஊர்க்கடைத் தோட்டாவைக் கொண்டு வேட்டையைத் தொடரலாம். எம் கருத்தில் ஆக்லியின் பெருங்கொடை வேகமன்று. கடைக்குச் செல்லும் கதவை அடைக்காமல் விட்டதேயாகும்.

ஆனால் புகழ் வேகத்தின்மேல்தான் ஏறியது. வின்செஸ்டர் 94 துப்பாக்கியொன்றில் மேம்படுத்திய .30-30 தோட்டாவை இட்டு, பின்புறப் பூட்டையே கழற்றிவிட்டுச் சுட்டுப் பார்த்தார் ஆக்லி. நிமிர்ந்த உறை அறையின் சுவரை இறுகப் பற்றிக்கொண்டு நின்றது. இதைக் கேள்விப்பட்ட பலர், இவ்வடிவம் அழுத்தத்தையே குறைக்கிறது என்று முடிவுகட்டினர். உண்மையில் குறைவது பூட்டின்மேல் விழும் உதைதான். உள்ளழுத்தம் சிறிதும் குறைவதில்லை. அறைச்சுவரில் எண்ணெய் படிந்திருந்தால் அந்தப் பிடியும் நழுவும். அழுத்தமானி இல்லாத பட்டறையில், பிரைமர் தட்டையாவதையும் பூட்டு இறுகுவதையும் பார்த்தே மருந்தைக் கூட்டினார்கள். அக்குறிகள் தோன்றும்போது எல்லை பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். பணயம் சுடுபவரின் கண்.

போருக்குப்பின் புரூஸ் ஹாட்ஜன் போன்றோர் மலிவாக விற்ற படைத்துறை உபரி மருந்து இந்த ஆவலுக்கு எண்ணெய் வார்த்தது. கொள்ளளவு நான்கு விழுக்காடு கூடினால் வேகம் ஒரு விழுக்காடு அளவே கூடும் என்பது மறுநிரப்புவோரின் பழங்கணக்கு. 1962இல் வெளிவந்த கையேட்டில் ஆக்லியும், தம் பெயர் தாங்கிய எல்லாத் தோட்டாக்களையும் உயர்த்திப் பேசவில்லை. சரிவு மிகுந்த பழைய உறைகளுக்கே ஆதாயம். முன்பே பெருத்தவற்றை மேலும் ஊதுவது வீண் என்பது அவர் கொண்ட நிலை. பட்டறைக்காரர் ஒருவர் தம் சரக்கைத் தாமே ஐயுறுவது அரிது. அந்நூலின் மருந்தளவுகளை இன்று அப்படியே எடுத்தாளுதல் தகாது. அழுத்தமானியில் அளந்து வெளியிட்ட அட்டவணையின் கீழெல்லையில் தொடங்குவதே முறை. ‘மேம்படுத்தியது’ என்ற பெயரை மட்டும் நம்பிக் கடைத்தோட்டாவை இடுவதும் ஆகாது. அறையின் அளவு ஆக்லியின் முறைப்படி உள்ளதா என அறிந்தபின்பே இடவேண்டும்.

1957இல் வந்த .280 ரெமிங்டனிலிருந்து பிறந்த ஆக்லி வடிவத்துக்கு, நாஸ்லர் நிறுவனத்தின் முயற்சியால் 2007இல் அமெரிக்கத் தர அமைப்பின் ஏற்பு கிடைத்தது. அதற்கான தோட்டா இப்போது பெட்டியிலேயே விற்பனைக்கு வருகிறது.