பங்கீடு: ஆளுக்கு ஐயைந்து

செம்பரம்பாக்கத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கு நோட்டில் 5×(3+4) என்பதைக் காட்டிக் கேட்டான்: "பங்கீட்டுப் பண்புன்னா இந்த அஞ்சை ரெண்டாப் பிரிச்சுக் கொடுக்கணுமா சார்?" குற்றம் அவன்மேல் இல்லை. பங்கீடு என்றதும் நமக்கு ரேஷன் அரிசியும் மின்சாரப் பகிர்மானமும்தான் நினைவுக்கு வருகின்றன. பகு என்ற வேரில் கிளைத்த பகுதி, பகிர்வு, பகுப்பு எல்லாவற்றிலும் துண்டாவது உண்டு. பங்கீட்டுப் பண்பை ஆங்கிலத்தில் குறிக்கும் டிஸ்ட்ரிபியூட்டிவ் என்பதன் லத்தீன் மூலத்துக்கும் பிரித்தளிப்பது என்றே பொருள். 1814-இல் அதை இந்தக் கணிதப் பண்புக்குப் பெயராக வைத்தவர் பிரெஞ்சுக்காரரான செர்வுவா. ஆனால் கணிதத்தில் எதுவும் குறைவதில்லை. 5×(3+4) என்றால் மூன்றுக்கும் முழு ஐந்து, நான்குக்கும் முழு ஐந்து. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பகல் ஷிப்டில் 3 பேர், இரவு ஷிப்டில் 4 பேர், ஆளுக்கு ஐந்து லட்டு என்றால் 15-உம் 20-உம் சேர்ந்து 35. மொழியிலும் தர்க்கத்திலும் இதே கதைதான். 'ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்' என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருந்தும். 'ஏழு பேரும் சேர்ந்து மோட்டாரைத் தூக்கினார்கள்' என்பது கூட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். முதல் வகைக்கென்றே தமிழில் இரட்டித்த எண்கள் இருக்கின்றன: இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, ஐயைந்து, பப்பத்து. நன்னூல் ஒன்பதை மட்டும் விலக்கிவிட்டு இவற்றுக்கு விதி சொல்கிறது. பாடநூலில் ஊன்றிவிட்ட பங்கீட்டை இனி மாற்ற வேண்டியதில்லை. கணக்காசிரியர்கள் சூத்திரத்துக்கு முன்னால் 'ஆளுக்கு ஐயைந்து' என்று ஒரு வரி சொல்லிக்கொடுத்தால் போதும்.