ஒரு நாளும் எரியாத உலை



கொஞ்சம் நீளமான பதிவுதான். மாலைக் காப்பியோடு ஆற அமரப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவர்கள் சந்திப்பில் ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இப்போது அனல்மின் நிலையத்தில் பொறியாளர். "சார், கட்டி முடிச்ச அணு உலையை ஆஸ்திரியா ஜனங்க ஓட்டுப் போட்டு நிறுத்தின கதையைச் சொல்லி எங்களைக் கைதட்ட வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்குப் பதிலா அவங்க எதை எரிச்சாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. குடிமையியல் வகுப்பில் பொதுவாக்கெடுப்பு என்றாலே நான் சொல்லும் உதாரணம் அதுதான். பல வருடம் பாதிக் கதையையே சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து மீதியைப் படித்தேன். முழுக் கதை இதோ.

வியன்னாவுக்கு மேற்கே, டான்யூப் நதிக்கரையில் ஸ்வென்டென்டார்ஃப் என்று ஒரு சிற்றூர். 1972இல் அங்கே ஆஸ்திரியாவின் முதல் அணுமின் நிலையத்தைக் கட்டத் தொடங்கினார்கள். சுமார் 700 மெகாவாட் திறன். ஐந்நூறு கோடி ஷில்லிங்குக்கு மேல் செலவு. 1978இல் எல்லாம் தயார். இயக்க வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் நாட்டில் எதிர்ப்பு வளர்ந்துவிட்டது. மக்களின் பயம் இரண்டு. முதலாவது விபத்து. விறகடுப்பில் தீயை அணைத்த பிறகும் கங்கு கனன்றுகொண்டிருக்கும் அல்லவா? அணு உலையும் அப்படித்தான். நிறுத்திய பிறகும் எரிபொருள் சூட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தொடர்ந்து தண்ணீரால் குளிர்விக்க வேண்டும். அது தடைப்பட்டால் எரிபொருள் உருகிவிடும். இரண்டாவது பயம் கழிவு. அதிலுள்ள புளூட்டோனியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். அதை எங்கே புதைப்பது என்ற கேள்விக்கு உலை கட்டி முடிந்த பிறகும் அரசிடம் உறுதியான பதில் இல்லை.

பிரதமர் ப்ரூனோ கிரைஸ்கி, மக்களே முடிவு செய்யட்டும் என்று பொதுவாக்கெடுப்பு அறிவித்தார். ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கை அவருக்கு. தோற்றால் பதவி விலகக்கூடும் என்றும் கோடி காட்டினார். அங்கேதான் கணக்கு தப்பியது. அணுமின்சாரத்தில் ஆட்சேபம் இல்லாத எதிர்க்கட்சிக்காரர்கள் பலர், 'இவரை வீட்டுக்கு அனுப்ப இதுதான் வழி' என்று எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள்.

1978 நவம்பர் 5. வேண்டாம் என்றவர்கள் 16,06,308 பேர். வேண்டும் என்றவர்கள் 15,76,839 பேர். வித்தியாசம் 30,000கூட இல்லை. டிசம்பரிலேயே அணுமின்சாரத்தைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கிரைஸ்கி பதவி விலகவில்லை. 1979 மே மாதத் தேர்தலில் முன்பைவிட அதிக ஆதரவோடு ஜெயித்தார்! உலை போனது, யாரை அனுப்ப நினைத்தார்களோ அவர் போகவில்லை.

வகுப்பில் நான் இத்தோடு நிறுத்திவிடுவேன். நீங்களும் கைதட்டுவீர்கள்.

இனி மீதிக் கதை. உலை போனாலும் மின்சாரத் தேவை போகவில்லை. ஸ்வென்டென்டார்ஃபுக்குப் பக்கத்திலேயே டூர்ன்ரோர் என்ற இடத்தில் நிலக்கரியும் எரிவாயுவும் எரிக்கும் பெரிய அனல்மின் நிலையம் வந்தது. 1980களின் பிற்பகுதியில் ஓடத் தொடங்கியது. அங்கே நிலக்கரி எரிப்பது நின்றது 2019இல்தான். முப்பது வருடப் புகை! என் மாணவன் கேட்டதற்குப் பதில் இதுதான்.

நீர்மின்சாரம் இருக்கிறதே என்பீர்கள். ஆஸ்திரியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு அதுதான். ஆனால் 1984இல் டான்யூப் நதியில் ஹைன்பர்க் என்ற இடத்தில் இன்னொரு நீர்மின் நிலையம் கட்டப் போனபோது, ஆற்றங்கரைக் காட்டைக் காப்பாற்ற மக்கள் கடுங்குளிரில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தத் திட்டமும் நின்றது. அந்தக் காடு இன்று தேசியப் பூங்கா. அணை வேண்டாம், அணு வேண்டாம் என்று ஊர்வலம் போகலாம்; மாலையில் விளக்குப் போட ஏதாவது ஒன்று எரிந்தாக வேண்டுமே.

அப்படியானால் அவர்கள் போட்ட ஓட்டு தவறா? அப்படியும் சொல்ல முடியவில்லை. ஓட்டுப் போட்டு ஐந்தே மாதத்தில், 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு உலையில் எரிபொருள் பாதி உருகியது. 1986 ஏப்ரலில் செர்னோபில் வெடித்தது. அந்தக் கதிரியக்கம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆஸ்திரியாவிலும் மழையோடு இறங்கியது. கீரை விற்கத் தடை வந்தது; குழந்தைகளை மணலில் விளையாட விட வேண்டாம் என்றார்கள். ஸ்வென்டென்டார்ஃபை என்றாவது இயக்கலாம் என்று அதுவரை காத்திருந்தவர்களின் ஆசையும் அத்தோடு முடிந்தது.

மறுபக்கமும் உண்டு. ஸ்வென்டென்டார்ஃப் வகையிலேயே ஜெர்மனியில் கட்டிய உலைகள் பெரிய விபத்து எதுவுமின்றிப் பல வருடம் ஓடின. ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு 2011இல் ஜெர்மனி அவற்றையும் மூடியது. ஆஸ்திரியாவின் வடக்கு எல்லையிலிருந்து சுமார் 50-60 கிலோமீட்டரில் செக் நாட்டின் டெமெலின் அணுமின் நிலையம் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஓடுகிறது. ஆஸ்திரியர்கள் எல்லைச் சாலையை மறித்துப் பார்த்தும் பலனில்லை. காற்றுக்கு எல்லைக்கோடு தெரியுமா?

இன்று அந்தப் பாடத்தை எடுத்தால் மூன்று கேள்விகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன். விபத்து நடந்தால் யார் தாங்குவது? கழிவை எங்கே வைப்பது? இது வேண்டாம் என்றால் பதிலுக்கு எது? அணுமின்சாரம் வேண்டும் என்பவர்கள் முதல் இரண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்பவர்கள் மூன்றாவதுக்குச் சொல்ல வேண்டும். அதையும் அஸ்திவாரம் தோண்டும் முன்பே சொல்ல வேண்டும். ஆஸ்திரிய அரசு மக்களிடம் கேட்டது நல்லதுதான். ஆனால் கட்டி முடித்த பிறகு கேட்டது. அதிலும் தன் பதவியைச் சேர்த்துக் கேட்டது.

அந்த உலை இன்றும் அப்படியே நிற்கிறது. பிற நாட்டு அணுமின் ஊழியர்கள் அங்கே பயிற்சி எடுத்தார்கள். அந்த வளாகத்தில் இப்போது சூரியத் தகடுகள் இருக்கின்றன. உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கவும் விடுகிறார்கள்.

பாதிக் கதையைக் கேட்டுக் கைதட்டிய எல்லோரிடமும் இந்த வாத்தியார் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட தம்பி, நீ அன்று வகுப்பிலேயே கையைத் தூக்கியிருக்கலாம். இப்போதாவது தூக்கினாயே, சந்தோஷம். உங்கள் ஊரில் அணு உலையா அனல்மின் நிலையமா என்று கேட்டால் எதற்கு ஓட்டுப் போடுவீர்கள்? காரணத்தோடு எழுதுங்கள். காரணம் இல்லாத விடைக்கு அன்றும் நான் மதிப்பெண் போட்டதில்லை.